மேஸ்திரியின் இடப் பக்கம்

மார்ச் 4

வாத்தியாரம்மாவுக்கு,

அத்தான் எழுதுறது. முதல்ல என் மானம் போன கதையைச் சொல்லிடுறேன், நலம் விசாரிக்கிறதை அப்புறம் பாத்துக்கலாம். போன திங்கட்கிழமை காலையில, மரக்கிடங்கு வாசல்ல, என்னோட சேர்ந்து காவல் காக்கிற நம்ம நாய் மேஸ்திரியோட தீனித் தட்டு முன்னாடி நான் முட்டி போட்டுக் குனிஞ்சு, அதுல இருக்கிறதைச் சாப்பிடுற மாதிரி நடிச்சுக்கிட்டு இருந்தேன். சும்மா குனிஞ்சா நாய் நம்பாதுன்னு, சப்புக் கொட்டுற சத்தம் வேற. நிமிர்ந்து பாத்தா முதலாளி நிக்கிறார். கொஞ்ச நேரம் என்னையும் தட்டையும் மாறி மாறிப் பாத்தார். "வீட்டுல ஏதாச்சும் சண்டையா?"ன்னு கேட்டுட்டு, பதிலுக்குக் காத்திருக்காம உள்ள போயிட்டார். அன்னிலேர்ந்து கிடங்குல எல்லாரும் என்கிட்ட ரொம்பப் பரிவாப் பேசுறாங்க.

இது பூட்ஸ்காரர் சொன்ன முதல் விதி. பக்கத்து பங்களாவுக்கு நாய் பழக்க வருவாரே, விசிலும் பூட்ஸுமா, அவருதான். நாய் நம்மளை ஒரு கூட்டமா நினைக்குதாம், அந்தக் கூட்டத்துக்கு யாரு தலைவன்னு தினமும் அதுக்குக் காட்டணுமாம். தலைவன் முதல்ல சாப்பிடணும். தலைவன் முதல்ல வாசலைத் தாண்டணும். நாய் நம்ம மேல சாஞ்சா தள்ளி விடணும், ஏன்னா அது நம்ம இடத்தைப் பிடிக்கப் பாக்குது. மேடான இடத்துல உக்கார விடக் கூடாது. அஞ்சாவது விதி, உறுமினா மல்லாக்கப் புரட்டிப் போட்டு, அடங்குற வரைக்கும் அழுத்திப் பிடிக்கணும்.

அந்த அஞ்சாவதை நீ போன தடவை வந்தப்ப பாத்தே. "இது தலைமை இல்ல அத்தான், அடாவடி"ன்னே. நான் உங்க மொத்தக் குடும்பத்துக்கு முன்னாடி, "நாய்க்குப் பாடம் எடுக்க ஒரு படிப்பு, அதுக்கு ஒரு பட்டம் வேற"ன்னு சிரிச்சேன். நீ சாப்பிட்ட கையைக் கூடச் சரியாக் கழுவாம பஸ் ஏறிட்டே.

இப்ப விஷயம் இதுதான். மேஸ்திரி போன மாசம் பில் போடுறவர் சட்டைக் கையைக் கவ்விட்டான். ரெண்டு வாரம் கழிச்சு ஒரு லாரி டிரைவரோட கெண்டைக்கால்ல பல்லு பட்டுச்சு. ஏழு வருஷமா ஒரு புகார் இல்லாத நாய். இந்த மாசம் 31-ஆம் தேதி சரக்குக் கணக்கெடுப்பு, வெளியாளுங்க பன்னெண்டு பேர் வருவாங்க. அன்னிக்கு ஒருத்தர்கிட்ட பல்லைக் காட்டினாலும் நாய் பிடிக்கிற வேனுக்குச் சொல்லிடுவேன்னுட்டார் முதலாளி. அந்த வேன்ல ஏறிப் போன எந்த நாயும் திரும்பி வந்து நல்லாருந்துச்சுன்னு சொன்னதில்லை.

மூணு தடவை உனக்கு போன் போட்டேன். "அவரை எழுதச் சொல்லு, எழுத்துல குறுக்கே பேச முடியாது"ன்னு உங்கக்காகிட்ட சொன்னியாமே. எழுதிட்டேன். நான் படிச்சது அஞ்சாவதுதான். அதையும் ரெண்டு தடவை படிச்சதால ஆறுன்னே வச்சுக்கலாம்.

நீ நலமா?

அத்தான்


மார்ச் 9

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை, சிரிக்கவே கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் பிரித்தேன். தட்டு வரைக்கும்கூடத் தாங்கவில்லை. பக்கத்துக் கூண்டில் இருந்த நாய்கள் எல்லாம் எழுந்து பார்த்தன.

ஆனால் கோபம் போகவில்லை. உங்கள் கடிதத்தில் பூட்ஸ் இருக்கிறது, லாரி டிரைவரின் கெண்டைக்கால் இருக்கிறது. மன்னிப்பு என்ற சொல் மட்டும் இல்லை. பின்பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டேன்.

மேஸ்திரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். இந்தத் தலைவன் கதை எங்கிருந்து வந்தது தெரியுமா? ஒன்றுக்கொன்று உறவே இல்லாத ஓநாய்களைப் பிடித்து வந்து ஒரே வேலிக்குள் அடைத்தார்கள். அவை அடித்துக்கொண்டன. அதைப் பார்த்து, ஓநாய்க் கூட்டம் என்றால் இப்படித்தான் என்று எழுதிவைத்தார்கள். பிற்பாடு காட்டிலே போய்ப் பார்த்தால், கூட்டம் என்பது ஓர் அப்பா, ஓர் அம்மா, அவர்களுடைய பிள்ளைகள். அங்கே யாரும் யாரையும் புரட்டிப் போட்டுத் தலைவன் ஆகவில்லை. அதோடு, நாய் ஓநாயே இல்லை. நீங்கள் நாயும் இல்லை. தட்டு விஷயத்தில் அது மேஸ்திரிக்கு முன்பே தெரிந்திருக்கும்.

என் கணிப்பு இது. அவன் பயந்திருக்கிறான். பயமுறுத்தியது நீங்கள். அதனால்தான் ஆட்களைக் கடிக்கிறான்.

இன்று முதல் ஐந்து விதிகளையும் நிறுத்துங்கள். ஒரு நோட்டு வாங்குங்கள். அவன் உறுமும்போதெல்லாம் எழுதுங்கள்: வந்தது யார், எந்தப் பக்கமிருந்து வந்தார், கையில் என்ன இருந்தது, அப்போது அவன் என்ன செய்துகொண்டிருந்தான். உறுமாதபோதும் எழுதுங்கள். பார்த்ததை மட்டும் எழுதினால் போதும். உங்கள் அபிப்பிராயங்களை அக்காவிடம் சொல்லிக்கொள்ளுங்கள், அவளுக்குப் பழகிவிட்டது.

எனக்கும் ஒரு சோதனை இருக்கிறது. வரும் 25-ஆம் தேதி எங்கள் நாய்க் காப்பகத்தில் ஒரு விவாதம். உங்கள் பூட்ஸ்காரரைப் போலவே நினைக்கிற பழைய பயிற்சியாளர்கள் ஐந்து பேர் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் நான் மட்டும். எங்கள் தலைமைப் பயிற்சியாளரும் அந்த ஐந்தில் ஒருவர்.

கொழுந்தியாள்


மார்ச் 15

வாத்தியாரம்மாவுக்கு,

மன்னிச்சுக்கோ. மேல தனி வரியிலேயே எழுதியிருக்கணும், ஆனா நீ தேடித்தான் கண்டுபிடிப்பேன்னு தெரியும். சும்மா வாய்க்கு எழுதலை. அன்னிக்கு நீ எழுந்து போனப்ப உன் தட்டுல பாதி அப்படியே இருந்துச்சு. உங்கக்கா அதை எடுக்காம ராத்திரி வரைக்கும் என் கண்ணு முன்னாடியே வச்சிருந்தா. புரட்டிப் போடாமலே ஆளை அடக்கத் தெரிஞ்சவ.

உன் ஓநாய்க் கதையைப் படிச்சதும் எனக்கு ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. கல்யாணத்துக்கு முன்னாடி நான் மூட்டை தூக்குற வேலையில இருந்தப்ப, ஒரே ரூம்ல பதினோரு பேர் தங்கியிருந்தோம். ஒருத்தனுக்கு ஒருத்தன் சொந்தம் இல்லை, ஊர் இல்லை. ஒரே ஒரு மின்விசிறி. அதுக்கு நேர் கீழ யாரு படுக்கிறதுன்னு தினம் சண்டை. நான் ஒருத்தன் பாயைச் சுருட்டி வெளிய போட்டேன், ஒருத்தன் என் தலையணையைத் தண்ணில முக்கினான். மூணு மாசம் நான்தான் மின்விசிறிக்குத் தலைவன். அதே நான் இப்ப வீட்டுல, பிள்ளைங்களுக்குக் காத்து வரட்டும்னு சுவரோரம் படுத்திருக்கேன். யாராச்சும் அந்த ரூமை எட்டிப் பாத்துட்டு, மனுஷ ஜாதியே இப்படித்தான்னு எழுதி வச்சா நமக்கு எப்படி இருக்கும்? பாவம் ஓநாய்ங்க. அதுங்களுக்குப் போய் மறுப்பு எழுதவும் தெரியாது.

இப்ப நோட்டு. அபிப்பிராயம் எழுதக் கூடாதுன்னுட்டே, கை அரிக்குது, இருந்தாலும் அடக்கிக்கிட்டேன்.

11-ஆம் தேதி. பில் போடுறவர் ஆபீஸ் கதவுலேர்ந்து வந்தார், கையில டீ. மேஸ்திரி படுத்திருந்தான். உறுமினான்.

அன்னிக்கே, அதே ஆளு, அதே டீ, ஆனா வெளிய போய்ட்டு கேட்டு வழியா வந்தார். வாலை ஆட்டினான். டீயில பாதி கீழ கொட்டுச்சு, பயத்துல. கொட்டினது மேஸ்திரி இல்லை.

12. லாரி டிரைவர், ஆபீஸ் பக்கம், வெறுங்கை. உறுமல்.

12 மத்தியானம். உங்கக்கா எனக்குச் சாப்பாடு கொண்டு வந்தா, கேட்டுப் பக்கம். வாலு, நாக்கு, எல்லாம்.

13. ஆள் யாரும் இல்லை. ஆபீஸ் பக்கத்துலேர்ந்து ஒரு பிளாஸ்டிக் தாள் பறந்து வந்து மேல விழுந்துச்சு. துள்ளி எழுந்து தாளைக் கடிச்சான்.

14. பில் போடுறவர் ஆபீஸ் வாசல்ல நின்னுக்கிட்டே, "மேஸ்திரி, வரலாமா?"ன்னு கேட்டுட்டு வந்தார். உறுமவே இல்லை.

பார்த்தா அவனுக்கு ஆபீஸ்தான் ஆகலை போல. எனக்கும் அப்படித்தான். மன்னிச்சுக்கோ, அபிப்பிராயம் வந்துடுச்சு.

இன்னொண்ணு. தள்ளி விடுறதை நிறுத்தினதும், நடக்கிறப்ப என் வலது காலோட ஒட்டிக்கிட்டே வர்றான். எப்பவும் என் வலது பக்கம்தான். ரெண்டு தடவை தடுக்கி விழப் பாத்தேன். இது இடத்தைப் பிடிக்கிறது இல்லைன்னா வேற என்ன?

நீ எந்தப் பக்கம்னு கேட்டதால கிடங்குப் படம் பின்னால போட்டிருக்கேன். கேட்டுக்கு எதிர்ல இருக்கிற கட்டம் நாய்க்கூண்டு. முன்னாடி அது சுவரோரம் இருந்துச்சு, புள்ளி வச்சிருக்கேன் பாரு. லாரி திரும்ப இடம் வேணும்னு ஜனவரியில நடுவுல தூக்கி வச்சாங்க. மேல் மூலையில இருக்கிறது நான். மூக்கு சரியா வரலை.

அத்தான்


மார்ச் 20

அத்தான்,

உங்கள் படத்தை மேசை மேல் விரித்து வைத்து இரண்டு மணி நேரம் பார்த்தேன். மூக்கையல்ல.

கேட்டைப் பார்த்தபடிதானே மேஸ்திரி எப்போதும் படுத்திருப்பான்? அப்படியானால் ஆபீஸ் அவனுக்கு இடப் பக்கம். நீங்கள் எழுதிய உறுமல் எல்லாமே இடப் பக்கத்து உறுமல். கேட்டு வழியாக வந்தால், முன்னால் வருகிறவரை அவன் பார்க்கிறான். குரல் கொடுத்துவிட்டு வந்தால், வருகிறார் என்று தெரிகிறது. தாள் எந்தக் குரலும் கொடுக்கவில்லை.

கூண்டு சுவரோரம் இருந்தபோது அந்தச் சுவர் அவனுக்கு எந்தப் பக்கம் இருந்தது? உங்கள் புள்ளியின்படி, இடப் பக்கம். சுவர் இருந்தவரை ஒரு புகாரும் இல்லை. ஜனவரியில் சுவர் போயிற்று. பிப்ரவரியில் கடித்தான்.

உங்கள் வலது காலோடு அவன் ஒட்டிக்கொண்டு வந்தால், அவனுடைய எந்தப் பக்கம் உங்கள் மேல் படும்? எழுந்து நின்று, பக்கத்தில் நாய் இருப்பதாக நினைத்துப் பாருங்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன்.

அத்தான், அவனுக்கு இடது கண் தெரிகிறதா?

மருந்துக் கடையில் பஞ்சு வாங்குங்கள். அவன் முன்னால் உட்கார்ந்து, சின்ன உருண்டையாக ஒன்றை வலப் பக்கம் மேலிருந்து விடுங்கள். பிறகு இடப் பக்கம் விடுங்கள். பஞ்சு சத்தம் போடாது, வாசனை இல்லை. கையை முகத்தருகே ஆட்டாதீர்கள், காற்றை வைத்தே கண்டுபிடித்துவிடுவான். அவன் கண் பஞ்சோடு போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

உடனே எழுதுங்கள். வேண்டாம், போனே போடுங்கள். வேண்டாம், எழுதுங்கள். நீங்கள் எழுதும்போதுதான் எனக்கு எல்லாம் தெரிகிறது.

கொழுந்தியாள்


மார்ச் 23

வாத்தியாரம்மாவுக்கு,

மருந்துக் கடை மூடியிருந்துச்சு. உங்கக்கா தலையணையைப் பிரிச்சுப் பஞ்சு எடுத்தேன். அது தனிக் கதை, இன்னும் முடியலை.

வலப் பக்கம் போட்டேன். கண்ணு கூடவே இறங்குச்சு, மோந்து வேற பாத்தான். இடப் பக்கம் போட்டேன். ஒண்ணும் இல்லை. சரியா விடலையோன்னு இன்னொண்ணு போட்டேன். இப்படியே பத்து உருண்டை. அவனுக்கு இடப் பக்கம் தரையெல்லாம் வெள்ளையாக் குவிஞ்சு கிடக்கு. அவன் பாட்டுக்கு என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தான்.

டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, இடது கண்ணு முழுக்கப் போச்சுன்னார். போய் ஒரு வருஷம்கூட ஆகியிருக்கலாமாம். வலி இல்லை, வலது கண்ணு நல்லா இருக்குன்னார். "இத்தனை நாள் யாருக்கும் தெரியலையா?"ன்னு கேட்டார். "அவன் யாருக்கும் சொல்லலை டாக்டர்"ன்னேன்.

ஒரு வருஷமாப் பாதிக் கண்ணை வச்சுக்கிட்டு ஒரு கிடங்கையே காவல் காத்திருக்கான். நானும் அதே கேட்டுலதான் காவல், ரெண்டு கண்ணோட. அவன் என் மேல சாஞ்சானே, அது என் இடத்தைப் பிடிக்க இல்லை. அவன் சுவரை எடுத்துட்டாங்க, அவன் என்னைச் சுவரா வச்சுக்கிட்டான். நான் தினமும் தள்ளி விட்டேன். தெரியாத பக்கத்துலேர்ந்து வந்து மல்லாக்கப் புரட்டினேன். அதுக்கப்புறமும் என் காலைத் தேடித்தான் வந்திருக்கான். இதைப் பத்தி வேற எழுதலை, எழுதினா நோட்டு நனையும்.

நீ எட்டு மணி நேர பஸ் தூரத்துல உக்காந்துக்கிட்டு, மூக்கு சரியா வராத ஒரு படத்தை வச்சுக்கிட்டு, ஒரு நாயோட கண்ணைக் கண்டுபிடிச்சிருக்கே. அந்தப் பட்டத்துக்கு ஒரு சட்டம் போட்டு மாட்டணும். தேக்குலயே போட்டுத் தரேன்.

ஆனா முதலாளிகிட்ட சொன்னதும் கதை திரும்பிடுச்சு. "குருட்டு நாயா? அப்ப வேனுக்கு இப்பவே சொல்லிடலாமே"ன்னார். கூண்டைச் சுவரோரம் மாத்திடலாம்னேன். லாரி எப்படித் திரும்பும்னார். கடைசியில, 31-ஆம் தேதி வரைக்கும் பொறுங்கன்னு கெஞ்சினேன். "ஒரு உறுமல். அவ்வளவுதான்"னார். எட்டு நாள் இருக்கு. நான் என்ன பண்ணணும், சொல்லு. குறுக்கே பேச மாட்டேன்.

அத்தான்


மார்ச் 26

அத்தான்,

முதலில் மேஸ்திரி. ஒரு சொல்லைத் தேர்ந்தெடுங்கள், "ஆள் வருது" போதும். இடப் பக்கம் யாராவது வரும்போது அவர் நெருங்குவதற்கு முன்பே அதைச் சொல்லுங்கள், உடனே இடப் பக்கத்தில் பிடித்து ஒரு துண்டு தீனி கொடுங்கள். ஒரு நாளைக்கு ஐம்பது முறை. பில் போடுகிறவரிடமே கெஞ்சி நடக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று நாளில், அந்தச் சொல்லைக் கேட்டதுமே அவன் தலையை இடப் பக்கம் திருப்பிப் பார்ப்பான். பார்த்துவிட்டால் பயம் இல்லை. கணக்கெடுப்பன்று நீங்கள் அவன் இடப் பக்கம் நின்றுகொள்ளுங்கள். நாள் முழுக்க. சுவர் உட்காராது, டீ குடிக்கப் போகாது.

அடுத்தது, நான் சொல்ல வேண்டியது. அவன் பயந்திருக்கிறான், பயமுறுத்தியது நீங்கள் என்று எழுதினேன். பாதிதான் சரி. அன்று வந்தபோது நானும் கிடங்கில் இரண்டு மணி நேரம் இருந்தேன். நாய்களைப் பார்ப்பதே என் தொழில். அவன் உங்கள் காலோடு ஒட்டி நடக்கப் பார்த்தது என் கண்ணெதிரேதான் நடந்தது. நான் அவனைப் பார்க்கவே இல்லை. உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், எங்கே தப்புச் செய்வீர்கள் என்று. ஒரு கண் அவனுக்குத் தெரியவில்லை, எனக்கு இரண்டும்.

எனக்கு அந்தக் கண்ணைக் காட்டியது உங்கள் நோட்டு. எங்கள் பயிற்சி மாணவர்கள் ஒரு வருடம் படித்த பிறகும் "நாய் கோபமாக இருந்தது" என்றுதான் எழுதுகிறார்கள். "கொட்டினது மேஸ்திரி இல்லை" என்று அவர்களுக்கு எழுத வராது. வகுப்பில் படித்துக் காட்டினேன்.

விவாதம் நேற்று முடிந்தது. ஓநாய் ஆராய்ச்சியை எல்லாம் எடுத்துச் சொன்னேன், ஐந்து பேரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு உங்கள் பதினோரு பேர் ரூமையும் மின்விசிறியையும் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் தலைமைப் பயிற்சியாளர் கடைசியாகச் சிரித்தார். "நானும் அப்படி ஒரு ரூம்ல இருந்திருக்கேன்" என்றார். மாணவர்களுக்கான பாடத்திலிருந்து அந்தப் புரட்டிப் போடும் பகுதியை எடுத்துவிடச் சொன்னார். வெளியே வரும்போது, "யாரு அந்த மின்விசிறித் தலைவர்?" என்று கேட்டார். என் அத்தான், ஐந்தாம் வகுப்பை ஆழமாகப் படித்தவர் என்றேன்.

31-ஆம் தேதி நான் சாப்பிட மாட்டேன். விரதம் ஒன்றும் இல்லை, இறங்காது, அவ்வளவுதான்.

கொழுந்தியாள்


ஏப்ரல் 2

வாத்தியாரம்மாவுக்கு,

முதல்ல நீ சாப்பிடு. மேஸ்திரி எங்கேயும் போகலை.

காலையில ஏழு மணிக்கு நின்னேன், சாயங்காலம் அஞ்சரைக்கு நகர்ந்தேன். உங்கக்கா வந்து, நின்ன இடத்துலயே எனக்கு ஊட்டி விட்டா. கல்யாணமான புதுசுல கூட நடக்காதது. பன்னெண்டு பேரும் போகவும் வரவுமா இருந்தாங்க. நான் "ஆள் வருது, ஆள் வருது"ன்னு சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிடுச்சு. ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பாத்தான், துண்டை வாங்கிக்கிட்டான், மறுபடி கேட்டைப் பாத்தான். மத்தியானத்துக்கு மேல துண்டு தீர்ந்து போச்சு. அப்பவும் திரும்பினான், வெறும் கையை ஒரு நக்கு நக்கிட்டு விட்டுட்டான்.

மூணு மணிக்குத்தான் உயிர் போய் வந்துச்சு. ஒருத்தர் நீளப் பலகையைத் தோள்ல வச்சுக்கிட்டு ஆபீஸ் பக்கம் திரும்பினார். பலகையோட பின் முனை சுத்திக்கிட்டு மேஸ்திரி தலைக்கு ஒரு சாண் தள்ளி வந்துச்சு. நான் குனிஞ்சு என் முதுகுல வாங்கிக்கிட்டேன். வாயைத் திறந்தா "அம்மா"ன்னுதான் வரும், ஆனா "ஆள் வருது"ன்னேன். அவன் திரும்பிப் பலகையைப் பாத்தான், என்னைப் பாத்தான், நகர்ந்து வந்து என் கால் மேல சாஞ்சு உக்காந்துக்கிட்டான். உறுமல் இல்லை.

முதலாளி ஆபீஸ் வாசல்ல நின்னு இதைப் பாத்திருக்கார். நேரா வந்தார், இடப் பக்கம்தான், மறந்துட்டார். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். மேஸ்திரி திரும்பி அவர் கையை மோந்தான். அவர் தலையைத் தடவிக் கொடுத்தார். "யாருய்யா இதைப் பழக்கினது?"ன்னார். "என் கொழுந்தியாங்க, தபால்லயே"ன்னேன். அன்னிக்குச் சாயங்காலமே கூண்டைச் சுவரோரம் தூக்கி வைக்கச் சொல்லிட்டார். லாரி திரும்ப ஒரு ரிவர்ஸ் கூட எடுக்கணும். எடுக்கட்டும்னார்.

பூட்ஸ்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு முழுசாப் பாத்தார். "அப்ப இங்க யாரு தலைவன்?"ன்னு கேட்டார். எனக்குத் தெரியலை. பத்து மணி நேரம் நான் நின்னேன், அவன் உக்காந்திருந்தான். நீயே சொல்லு. அவருக்கு உன் விலாசம் கொடுத்திருக்கேன், எழுதுவார். நல்ல மனுஷன், பூட்ஸ் மட்டும்தான் சத்தம்.

உன் படிப்பைப் பாத்து அன்னிக்கு எத்தனை பேர் முன்னாடி சிரிச்சேனோ, அத்தனை பேரையும் ஞாயித்துக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டு உன் நாலு கடிதத்தையும் உரக்கப் படிச்சேன். உங்கப்பா ரெண்டாவதுல கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். பெருசாக் கூட்டி எழுதலை, மூணு கடிதம்தான், ஒண்ணை ரெண்டு தடவை படிச்சேன். ஒரு நாள் லீவு போட்டு வா. உன் தட்டு பாக்கி இருக்கு.

நீ இல்லாம நானே ஒரு யோசனையும் பண்ணினேன். புது ஆளுங்களுக்குத் தெரியணும்னு, ஒரு நல்ல பலகையை இழைச்சு, என் கையாலயே எழுதினேன்: "இவருக்கு இடது கண் தெரியாது. அந்தப் பக்கம் வருபவர்கள் குரல் கொடுத்துவிட்டு வரவும்." உங்கக்கா பிழை பாத்தா, ஒண்ணும் இல்லைன்னா. இன்னிக்குக் காலையில அதைக் கேட்டுக் கம்பத்துல அடிக்கப் போனேன். மேஸ்திரி கம்பத்துக்கு அடியில வெயில் காஞ்சுக்கிட்டு அசந்து தூங்கிக்கிட்டு இருந்தான். பலகையைத் தாழ அடிச்சாத்தான் எல்லார் கண்ணுலயும் படும்னு, அவனுக்கு முதுகைக் காட்டி நல்லாக் குனிஞ்சேன். அவனுக்கு அது இடப் பக்கம். ஆணி நாலும் வாயில இருந்ததால குரல் கொடுக்க முடியலை. அவன் திடுக்குன்னு முழிச்சான்.

முதலாளிகிட்ட ஆணி மேல உக்காந்துட்டேன்னு சொல்லியிருக்கேன். பலகை நேராத்தான் நிக்குது. இந்தக் கடிதத்தையும் நின்னுக்கிட்டேதான் எழுதுறேன்.

அத்தான்